இணை என்ற கட்டம்

ஆஸ்பத்திரிப் படிவத்தின் ஏழாவது கட்டத்தில் ‘இணை’ என்று அச்சடித்திருந்தது. பூபதி பேனாவை வாங்கினான், கொஞ்சமும் யோசிக்காமல் தன் பெயரை இனிஷியலோடு எழுதினான், பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டான். மேகலைக்குப் பதினெட்டு வருடமாகப் புருஷனாக இருப்பவன் அந்த இடத்தில் வேறு யார் பெயரை எழுதுவான், சொல்லுங்கள்.

வரவேற்பு மேசைப் பெண் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஐயோ சார், அந்த இணை இல்லீங்க இது. காதுக்கு இணை. அதை ஆஸ்பத்திரிதான் தேடிக் குடுக்கும். நீங்க கீழ, ‘உடன் வந்தவர்’னு இருக்குது பாருங்க, அங்க எழுதோணும்.”

“அப்ப இதை அடிச்சுடட்டுங்களா?”

“வேண்டாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப நானே மாத்திக்கறேன்.”

அவள் மாற்றவில்லை. அடுத்து நாலு பேர் வந்து நின்றார்கள், மறந்துபோனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மறதியைக் கையில் எடுத்து ஒருத்தன் என்ன செய்தான் என்பதுதான் விஷயம்.

மேகலையின் பிழைப்பே காதில் இருந்தது. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் அவள்தான் கடைசிச் சோதனை மேசை. ஓடுகிற மோட்டாரின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வாள். கெட்டுப்போன பேரிங்கை மெஷினே கண்டுபிடித்துவிடும். இன்னும் மூன்று மாதத்தில் கெடப்போகிற பேரிங்கை மேகலைதான் சொல்வாள். மெஷின் வந்து எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பிய அந்தக் கம்பெனியில், அவளை மட்டும் அசைக்க முடியவில்லை. அப்பேர்ப்பட்ட காதுக்குள்தான் இரண்டு வருடமாகக் ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. இரண்டாம் வருடம் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

காது டாக்டர்கள் எல்லாரும் காதைப் பார்த்தார்கள். காது சுத்தமாக இருந்தது. கடைசியில் பல் டாக்டர் ஜெசிந்தாதான் அவளுடைய இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்துக்கொண்டு, “வாயைத் திறங்க, மூடுங்க” என்றார். ‘கடக்’ என்றது.

“இங்கதான் தாடை மூட்டு இருக்கு. மூட்டுக்கும் காதுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு எலும்பு, அவ்வளவுதான். மூட்டு தேஞ்சு, தாடைத் தசை இறுகிப்போனா, அந்த நரம்புச் சேதி மூளையில போய்க் காதுச் சேதியோட கலந்துடுது. மூளை அதைச் சத்தம்னு எடுத்துக்குது. எங்க, தாடையை முன்னால தள்ளுங்க. சத்தம் மாறுதா?”

மேகலை தாடையைத் தள்ளினாள். “அட ஆமாங்க டாக்டர்! உசந்திருச்சு!”

“அப்ப கேஸு காதுல இல்ல. தாடையில.”

“அப்ப தாடையைச் சரி பண்ணீட்டாப் போதுமுங்களா?” என்று கேட்டான் பூபதி.

“ரெண்டு வருஷமாச்சே. மூளைக்கு அந்தச் சத்தம் பழகிப்போச்சு. இனி தாடையைச் சரி பண்ணினாலும் அது விடாது. அதை ஏமாத்தணும். இன்னொருத்தர் தாடை அசையற சேதியை இவங்க நரம்புல கலந்து விட்டா, மூளை குழம்பிப்போய்ச் சத்தத்தை விட்டுடுது. சொந்தத் தாடையாலேயே அதைச் செய்ய முடியாது. நம்மளை நாமளே கிச்சுக்கிச்சு மூட்டிக்க முடியுதா? அடுத்தவங்க கைதானே வேணும். அதே கதை.”

இரண்டு பேருக்கும் பல்லில் ஒரு கிளிப்பு. இவள் மென்றால் அவருக்குப் போகும், அவர் மென்றால் இவளுக்கு வரும். இரண்டு காதும் ஒரே சுருதியில் இரைந்தால்தான் பொருந்தும். அப்படி ஒரு காது கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. பெயர், ஊர் எதையும் சொல்ல மாட்டார்கள். ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் மூளை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுமாம்.

“அவரு அவருங்கறீங்களே டாக்டர், ஆம்பளையுங்களா?” என்றான் பூபதி.

டாக்டர் ஜெசிந்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். “தாடைங்க” என்றார்.

நாலு மாதம் கழித்து இணை கிடைத்தது. கிளிப்பை மாட்டிக்கொண்டு மேகலை ஆஸ்பத்திரி நாற்காலியில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள்.

“மாமா, ஃபேன் சத்தம் கேக்குதுங்க. வெறும் ஃபேன் சத்தம் மட்டும்.”

சொல்லிவிட்டு அழுதாள். பூபதியும் அழுதான். அவனைப் பற்றி இனிமேல் என்னென்னவோ சொல்லப்போகிறேன், அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அவன் அழுதது நிஜமான சந்தோஷம். அந்தச் சந்தோஷம் முழுசாக மூன்று நாள் இருந்தது.

நாலாம் நாள் காலை, இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோன மேகலை சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்ன அம்மிணி?”

“ஒண்ணுமில்லீங்க. அவரு சிரிக்கிறாரு.”

“எவரு?”

“அட, இணைங்க. எதுக்கோ சிரிக்கிறாரு. தாடை குலுங்குது. எனக்கும் சிரிப்பு வந்திருச்சு.”

குரல் எதுவும் கேட்காது, முகம் எதுவும் தெரியாது. தாடை வேரில் லேசாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான் அவளுக்கு வந்தது. ஆனால் பத்தே நாளில் அந்த இழுப்பை அவள் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். பேரிங்கின் வயிற்றுக்குள் இருப்பதைக் கேட்கிறவளுக்கு இது ஒரு பெரிய வேலையா? இது பேச்சு, இது கொட்டாவி, இது சுடச்சுட எதையோ வாயில் போட்டுக்கொண்டு திண்டாடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஆள் குளிக்கவோ எதற்கோ கிளிப்பைக் கழற்றினால் ஐந்து நிமிடத்தில் காது மறுபடி இரையத் தொடங்கும். அப்போது மேகலை வாசலைப் பார்ப்பதுபோல் சும்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். அவர் மாட்டியதும் முகம் மலரும். அந்த மலர்ச்சிதான் பூபதிக்குப் பொறுக்கவில்லை.

அவன் சரவணம்பட்டியில் பேக்கரி வைத்திருந்தான். வர்க்கி, தேங்காய் பன், முட்டை பப்ஸ் என்று நல்ல ஓட்டம். மேகலையின் வாய்க்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, எதை எந்தப் பக்கப் பல்லில் வைத்து மெல்லுவாள் என்பதெல்லாம் தனக்கு மட்டுமே தெரிந்த சங்கதி என்று இத்தனை வருடம் இறுமாந்திருந்தவன். இப்போது எவனோ ஒருத்தன் அவள் வாய்க்குள்ளேயே குடிவந்துவிட்டான். வாடகையும் இல்லை, முன்பணமும் இல்லை.

கேட்காமல் இருக்கலாம்தானே? முடியவில்லை. மத்தியானம் கடையிலிருந்து போன் போட்டுவிடுவான்.

“சும்மாதான் கேக்கறேன். இப்ப என்ன திங்கிறாராம் உங்காளு?”

மேகலைக்குக் கள்ளம் தெரியாது. “தட்டுவடை செட்டுன்னு நெனைக்கிறனுங்க. மொதல்ல மொறுமொறுங்குது, பொறவு நசநசன்னு போகுது.”

பூபதி போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினான். “அந்தோணி, ஆள் சேலத்துக்காரன்டா!”

மாஸ்டர் அந்தோணி மாவைப் பிசைந்துகொண்டே, “அண்ணா, தட்டுவடை செட்டு இப்ப எல்லா ஊர்லயும் விக்குது” என்றான். யார் கேட்டார்கள்? அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் எவன் சேலம் என்று சொன்னாலும் பூபதி அவன் தாடையையே பார்த்தான். ஒருநாள் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் பப்ஸைக் கடித்த அதே வினாடியில் மேகலைக்குப் போன் போட்டு, “இப்ப மெல்றாரா?” என்று கேட்டான். “இல்லீங்க, சும்மா இருக்காரு” என்றாள். அவனுக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. மருந்துக் கம்பெனிக்காரர் பாவம், பப்ஸில் ஏதோ விழுந்துவிட்டதோ என்று திறந்து பார்த்தார்.

பொறாமைப்படுகிறவன் பல்லைக் கடிப்பான் என்பார்கள். பூபதி நிஜமாகவே கடித்தான். “அண்ணா, நீங்க பல்லு கடிக்கிற சத்தம் அடுப்பு வரைக்கும் கேக்குது” என்று அந்தோணியே சொன்னான். இரண்டு மாதத்தில் வாயைத் திறந்தால் காதோரம் ‘கடக்’ என்றது. மூன்றாம் மாதம் அவன் காதுக்குள்ளும் ‘கொய்ங்’ என்று ஆரம்பித்தது. பொண்டாட்டிக்கு எதனால் வந்தது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தனக்கு எதனால் வந்தது என்றும் தெரியும். அதனால்தான் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு நடுவில் மேகலை சோதனை மேசைக்குத் திரும்பியிருந்தாள். வீட்டில் பழையபடி பாட்டு முணுமுணுத்தாள். அதைப் பார்த்துப் பூபதிக்குச் சந்தோஷம் வராமல் இல்லை. அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவன் தான் இல்லையே என்ற வயிற்றெரிச்சல்தான் அதைத் தின்றுவிட்டது.

பத்தொன்பதாவது கல்யாண நாள் வந்தது. மேகலைக்கு இப்போது கடினமான எதுவும் ஆகாது. அதனால் அவளுக்கென்றே பால் ஊற்றிப் பிசைந்து, பஞ்சுபோல் ஒரு தேங்காய் பன் போட்டு, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தான். வாழையிலையில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினான். அவள் ஆசையாகத்தான் எடுத்தாள். வாய் வரைக்கும் போன கை நின்றது.

“சாப்பிடு அம்மிணி. சூடு போயிரும்.”

“ஒரு நிமிசமுங்க. அவரு இன்னும் ஆரம்பிக்கல. ரெண்டு பேரும் ஒண்ணா மென்னா காது இன்னும் நல்லாக் கேக்குது.”

பூபதி எழுந்து கொல்லைப்புறம் போனான். ஆஸ்பத்திரிக்காரர்கள் உடன் வந்தவர் என்று அவன் போனிலும் ஏற்றிக் கொடுத்திருந்த செயலியைத் திறந்தான். அந்த ஆளைப் பற்றி ஏதாவது ஒரு எழுத்தாவது இருக்காதா என்று அதைத் துழாவுவது அவனுக்கு வழக்கமாகியிருந்தது. அதுவரை தொடாத ஒரு பக்கத்தை அன்றைக்குத் தொட்டான். ‘இணை: ரா. பூபதி’ என்று இருந்தது. கீழே சிவப்பில் ஒரு பொத்தான், ‘விலகுகிறேன்’.

ஒரு நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எல்லாம் புரிந்தது. அந்தப் பெண் மாற்றாமல் விட்டிருக்கிறாள், இணை அழுத்த வேண்டிய பொத்தான் இவன் கைக்கு வந்திருக்கிறது. அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாமல் செய்துவிட்டதாகப் பின்னால் சொன்னான், நம்பாதீர்கள். தெரிந்துதான் அழுத்தினான்.

அன்று மத்தியானமே மேகலைக்குக் காது இரைய ஆரம்பித்தது, அவர் கிளிப்பை மாட்டிக்கொள்வார் என்று இரவு முழுக்கக் காத்திருந்தாள். மறுநாள் காலை பதினொரு மணிக்குச் சோதனை மேசையில் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தாள். மோட்டாருக்குப் பதிலாகத் தன் தலையே இரைந்தது. அடுத்த மோட்டார், அதற்கடுத்தது, எல்லாம் ஒரே கொய்ங். எதிலும் கையெழுத்துப் போடாமல் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தாள். மேனேஜர் நல்ல மனுஷர்தான். “ஆறு மாசம் லீவு தர்றேன்மா. அதுக்குள்ள காது சரியாகலைன்னா இந்த மேசையையே எடுத்துடச் சொல்லி மேலிடத்துல உத்தரவு” என்றார். அந்த மேசை போனால் கோயம்புத்தூரில் வேறெந்தக் கம்பெனியிலும் அந்த வேலை இல்லை. எல்லா இடத்திலும் மெஷின்தான்.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெசிந்தா கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

“இணை விலகல். பேரு ரா. பூபதி. நேத்து மதியம் ஒண்ணரை மணி. இது எப்படி?”

மேகலை திரையைப் பார்த்தாள், அப்புறம் புருஷனைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தினால் தாடை வலிக்கும்.

“எனக்குச் சத்தம் நின்னப்ப நீங்களும் அழுதீங்களே. அது பொய்யுங்களா?”

“இல்ல அம்மிணி, சத்தியமா இல்ல.”

“பொறவு?”

“அந்தாளு...”

“அந்தாளு யாருன்னு எனக்கே தெரியாதுங்க. ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது. அவருன்னு மரியாதைக்குச் சொன்னேன்.”

பூபதி டாக்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டான். எப்படியாவது திரும்ப இணைத்துவிடச் சொன்னான்.

“நீங்க விலகின அடுத்த நிமிஷமே, அந்த ஆளைக் கம்ப்யூட்டரே வரிசையில இருந்த இன்னொருத்தருக்கு ஒதுக்கிடுச்சு. அங்கயும் ஒருத்தருக்கு ரெண்டு வருஷச் சத்தம் நின்னிருக்கு. அவங்ககிட்டே இருந்து பிடுங்கட்டுமா, சொல்லுங்க?”

பூபதி தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே, “எனக்கும் காது இரையுதுங்க டாக்டர்” என்றான்.

தாடையில் விரல் வைத்துப் பார்த்தார். படம் எடுத்தார், சுருதியை அளந்தார். அளந்துவிட்டு இன்னொரு தடவையும் அளந்தார். “அடடா, அச்சு அசலா அதே சுருதி. பத்துப் பொருத்தமும் இருக்கே!” என்று அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பூபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கெடுத்தவனே சரி பண்ணிவிடலாம். அது மட்டுமா? இனி அந்த இடத்தில் அவனே இருப்பான்.

நாலு நாளில் அவனுக்கும் கிளிப்பு தயாரானது. இரண்டு பேரையும் எதிரும் புதிருமாக உட்காரவைத்தார் டாக்டர். பூபதி ஒரு பிஸ்கட்டை மென்றான். பேசினான், கொட்டாவி விட்டான், சிரித்துக் காட்டினான். மேகலை உதட்டைப் பிதுக்கினாள். அரைமணி ஆயிற்று, ஒருமணி ஆயிற்று. காது துளி அசையவில்லை.

டாக்டர் திரையில் ஓடிய கோடுகளை வெகுநேரம் பார்த்தார்.

“சேதி சரியாத்தான் போகுது. ஆனா இவங்க மூளை அதைக் கண்டுக்கவே மாட்டேங்குது. பத்தொன்பது வருஷம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. நீங்க எப்ப மெல்லுவீங்க, எப்ப முழுங்குவீங்க, எந்த வார்த்தைக்கு வாயைத் திறப்பீங்கன்னு எல்லாமே அதுக்கு முன்கூட்டித் தெரியுது. உங்க தாடையைத் தன்னோட தாடைன்னே எடுத்துக்குது. அந்நியம்னு தோணினாத்தான் சத்தம் நிக்கும்.”

பூபதிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. இத்தனை மாதமாக எரிந்துகொண்டிருந்ததெல்லாம் ஒரே நொடியில் அணைந்தது. எவனோ வந்து அவளுக்குள் குடியிருக்கிறான் என்று துடித்தானே, அங்கே பத்தொன்பது வருடமாக அவனேதான் இருந்திருக்கிறான்! அவனை அறியாமல் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

மேகலை அதைப் பார்த்தாள்.

“உங்களுக்குச் சந்தோசம்” என்றாள். “எனக்குக் கொய்ங்குங்குதுங்க.”

எழுந்து தனியாகவே பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தச் சிரிப்புக்காகப் பூபதி தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. இரண்டு நாள் வீட்டில் ஒரு பேச்சும் இல்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், எதிரில் உட்காரவில்லை. மூன்றாம் நாள் அவன் மட்டும் டாக்டரிடம் போனான்.

“வேற இணை கிடைக்க எத்தனை நாளாகுமுங்க?”

“ரெண்டு வருஷமாகலாம், மூணு வருஷமும் ஆகலாம்.”

“அவளுக்கு இருக்கறது ஆறு மாசமுங்க டாக்டர். என்னை வெச்சே ஏதாச்சும் வழி இல்லீங்களா?”

டாக்டர் ஜெசிந்தா பேனாவை மூடினார், திறந்தார். “ஒரு வழி இருக்கு. நான் சொல்லக் கூடாது. அவங்க மூளை உங்க தாடையை மறக்கணும்.”

“எப்படிங்க?”

“ஒண்ணா உக்காந்து சாப்பிடக் கூடாது. பேசக் கூடாது. உங்க குரல்கூடக் காதுல விழக் கூடாது. நீங்களும் மாறணும். வலப்பக்கம் மெல்றவர் இடப்பக்கம் மெல்லணும். சாப்பிடற நேரம், சாப்பிடற பொருள், பேசற தினுசு, எல்லாம் மாறணும். கிளிப்பை மட்டும் ரெண்டு பேரும் மாட்டியிருக்கணும். புது ஆளைப் பரிசோதிச்சிட்டிருக்கோம்னு அவங்ககிட்டே நான் சொல்லிக்கறேன். நீங்கதான் அதுன்னு அவங்களுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்ச நிமிஷம் சத்தம் திரும்பிடும்.”

“அவளுக்கு நின்னுட்டா, பொறவு நான் வீட்டுக்குப் போலாமுங்களா?”

“வேற இணை கிடைக்கற வரைக்கும் போகக் கூடாது. திரும்பப் பழகிட்டா எல்லாம் வீணாயிடும். இன்னொண்ணு, அவங்க தாடையும் உங்களுக்கு வந்துட்டிருக்கும். அவங்களை உங்க மூளையும் மறந்தாத்தான் உங்க காதும் நிக்கும்.”

“என்ற காது கெடக்குதுங்க” என்றான் பூபதி.

வீட்டுக்கு வந்து, பாலக்காட்டில் ஒரு பேக்கரியில் வேலைக்குப் போவதாகச் சொன்னான். மேகலை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“பண்றதையெல்லாம் பண்ணிப்போட்டு ஓடறீங்களா?”

உண்மை தொண்டை வரை வந்தது. “ஆமா அம்மிணி” என்றான். அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேக்கரியை அந்தோணியிடம் ஒப்படைத்துவிட்டு மறுநாள் காலை ரயிலேறினான்.

பாலக்காட்டில் பூபதி புது ஆளாகப் பிறக்கப் பார்த்தான். நாற்பத்தைந்து வயதில் அது லேசுப்பட்ட காரியமா? இடப்பக்கம் மென்று மென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். வெள்ளைச் சோற்றை விட்டுச் சிவப்பரிசிச் சோறு, இட்லியை விட்டுப் புட்டு. பத்து மணி முதல் மூன்று மணி வரை சீட்டில் எழுதிக் குலுக்கி, எந்தச் சீட்டு வருகிறதோ அந்த மணிக்கு மத்தியானச் சாப்பாடு. தமிழே பேசக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு நாள் முழுக்க மலையாளம் பேசினான். அந்தப் பாஷை வாயை வேறு விதமாக வளைத்தது. முதல் மாதம் கடைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மூன்றாம் மாதம் சிரிப்பதை நிறுத்திவிட்டு ‘சேட்டா’ என்று கூப்பிட்டார்கள். ‘அம்மிணி’ என்ற சொல்லை வாயில் வராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

மேகலையின் தாடை அவனுக்கு வந்துகொண்டிருந்தது. காலையில் அவள் எட்டு மணிக்குச் சாப்பிடுவாள், தனியாக, ஏழே நிமிடத்தில். சில நாள் சாப்பிடவே மாட்டாள். அன்றெல்லாம் பூபதிக்கும் சோறு இறங்காது. ஆனால் சீட்டு வந்த மணிக்கு மென்றே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குச் சேதி போகாது. அழுகையை அடக்கிக்கொண்டு மெல்லுவான். ஐந்தாம் மாதம் ஒருநாள் காலை அவள் தாடை குலுங்கியது. சிரிக்கிறாள்! அவ்வளவுதான், அன்று முழுக்க ஆளுக்கு நிலைகொள்ளவில்லை. யார் சிரிக்கவைத்தது, அந்தோணியா, பக்கத்து வீட்டுக்காரனா, மேனேஜரா என்று ஒரு டிரே பன்னைக் கருகவிட்டான். அவன் பாஷையை மாற்றிக்கொண்டான், பல்லை மாற்றிக்கொண்டான், இந்த ஒரு குணத்தை மட்டும் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. மேகலை. அவன் வீட்டைவிட்டு வந்த ஆறு மாதத்தில் ஒருதரம்கூடக் கூப்பிடாதவள். குரல் கேட்கக் கூடாது என்றார் டாக்டர். எடுக்காமல் விட்டால் இன்னும் பத்துத் தடவை அடிப்பாள், அவனுக்குத் தெரியும். அதைவிட, அவள் குரலைக் கேட்காமல் விட அவனால் முடியவில்லை. குரலும் தாடையும் ஒன்றாகப் போனால் கண்டுபிடித்துவிடுவாள் என்று கிளிப்பைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு எடுத்தான்.

“மாமா, நின்னுருச்சுங்க.”

“எந்தா?” என்று பழக்கத்தில் மலையாளம்தான் வந்தது.

“சத்தமுங்க! மூணு நாளாச்சு. நெசமான்னு பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன். நேத்து கம்பெனியில டெஸ்ட்டு வெச்சாங்க. நாப்பது மோட்டாரு. நாப்பதும் சரியாச் சொல்லீட்டேன். மேசை எனக்குத்தான்னு மேனேஜர் சொல்லீட்டாரு.”

பூபதி மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான். மறந்துவிட்டாள். மூன்று நாளைக்கு முன்னால், அவன் எதையோ மென்றுகொண்டிருந்தபோது, அவளுக்குள்ளிருந்து அவன் கடைசியாக வெளியே வந்திருக்கிறான். ஒரு பக்கம் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு பக்கம் யாரோ செத்துப்போன சேதி கேட்டதுபோல் இருந்தது.

“ரொம்ப நல்லது” என்று தமிழில் சொன்னான். ஆறு மாதத்தில் முதல் தமிழ்.

“புதுசா வந்தவரு எப்படின்னு கேக்க மாட்டீங்களா?” அவள் குரலில் பழைய குறும்பு இருந்தது. “எந்த ஊருன்னு சுத்தமாப் புடிபடலீங்க. எடப்பக்கமா மெல்றாரு. நேரங்காலம் கிடையாது. ஆனா பாவமுங்க, நல்ல மனுசன். சாப்பிடறப்ப சில நாளு அவரு தாடை நடுங்குது. அழுதுட்டே உங்கறாருன்னு நெனைக்கிறேன். அப்பெல்லாம் எனக்கும் தொண்டை அடைச்சுக்கும். யாரு பெத்த புள்ளையோ.”

எவனுக்காகவோ அவள் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பூபதிக்கு அந்த ஆள்மேல் சுரீரென்று எரிச்சல் வந்தது. அது தான்தான் என்று நினைவுக்கு வந்தபிறகும் அந்த எரிச்சல் போகவில்லை.

“மாமா, இருக்கீங்களா?”

“இருக்கறேன்.”

“என்ற கோவமெல்லாம் போயிருச்சுங்க. சத்தம் நின்னப்ப அதுவும் சேந்து போயிருச்சு. எதுத்தாப்புல ஆளில்லாம எனக்கும் சோறு எறங்க மாட்டேங்குது. வந்துருங்க மாமா. இன்னைக்கே கெளம்பி வாங்க.”

அவன் கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். போனை எடுத்து நாலு நிமிடம் ஆகியிருந்தது.

“அட, லேசா இரைய ஆரம்பிக்குதுங்களே” என்றாள் மேகலை. “அவரு கிளிப்பைக் கழட்டீட்டாராட்ட இருக்குது. பரவால்ல, மாட்டிக்குவாரு. நீங்க சொல்லுங்க. எப்ப வாரீங்க?”

“நான் வரல.”

“ஏனுங்க?”

உள்ளதைச் சொன்னால் அவளுக்குச் சத்தம் திரும்பிவிடும். சொல்லக்கூடிய காரணம் எதுவும் அவனிடம் இல்லை.

“இன்னுமா மாமா? இன்னும் அவரு மேல பொறாமையுங்களா?”

“ஆமா அம்மிணி” என்றான் பூபதி.

அதற்குமேல் அவளைப் பேசவிடாமல் போனை வைத்துவிட்டு, அவசர அவசரமாகக் கிளிப்பை எடுத்துப் பல்லில் மாட்டிக்கொண்டான்.